லேப் இல்லாத கடற்கரை ஊரில் மின்சாரமும் காந்தமும் சொல்லித் தருவது

மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்தில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயந்திர வகுப்பு எடுப்பதாகவும், மின்சாரம், காந்தம் இரண்டையும் அவர்கள் கையாலேயே செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். லேப் கிடையாது, பெரிய காசும் கிடையாது, முதல் நாளே பலூனைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுக்கும் சோதனையைச் செய்து காட்டப் போய் ஒரு துண்டுகூட நகரவில்லை, எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இதில் எனக்குத் தீர்மானமான கருத்து ஒன்று உண்டு: நம் கரையில் இந்தப் பாடத்தைப் பலூனில் தொடங்கக் கூடாது, உப்புத் தண்ணீரில் தொடங்க வேண்டும்.

பலூன் சொதப்பியதற்குக் காரணம் காற்று. உரசும்போது சேருகிற மின்னூட்டம் பலூன் மேலேயே தங்கினால்தான் காகிதம் ஒட்டும். இங்கே காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து பலூன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிந்துவிடும், சேருகிற மின்னூட்டம் அதன் வழியே அவ்வப்போதே வடிந்து போய்விடும். நிலைமின்சாரத்தைக் கட்டாயம் காட்ட வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிட்டு, கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற ஒரு நாள் மத்தியானத்தில், பிளாஸ்டிக் ஸ்ட்ராவையும் பாலியஸ்டர் துணியையும் அரை மணி நேரம் நல்ல வெயிலில் காயவைத்து, அறைக்குள் வைத்து முயன்று பாருங்கள். பெரும்பாலும் வரும். வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதையே பாடமாக்கிவிடலாம். ஆனால் அது கடைசியில் போதும்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற செய்முறை அறிவியல் திட்டம் தொடங்கியது, அதில் உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே சிலவற்றைச் செய்திருக்கலாம். முதல் நாள் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். அப்புறம், எந்தச் சோதனையாக இருந்தாலும் ஒரே ஒரு விதி வையுங்கள். என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் பொருளைத் தொட வேண்டும். நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்று பக்கத்துப் பக்கத்தில் எழுத்தில் இருக்கும்போது பிள்ளைகள் போடுகிற சண்டையில்தான் பாதிப் பாடம் நடக்கிறது.

சரி, உப்புத் தண்ணீருக்கு வருவோம். தேவையானவை: ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, கரண்ட் அளவு மீறாமல் தடுக்க ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), இரண்டு பென்சில், கொஞ்சம் வயர். பென்சிலை இரண்டு பக்கமும் சீவிக்கொள்ளுங்கள். ஒரு அகலமான பிளாஸ்டிக் மூடியில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு ஓட்டை போட்டு, பென்சில்களைச் செருகுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளமான கால், குட்டைக் காலிலிருந்து ஒரு பென்சிலின் மேல் முனை. இன்னொரு பென்சிலின் மேல் முனையிலிருந்து பேட்டரியின் மைனஸ். அவ்வளவுதான். பென்சில்களின் கீழ் முனைகள் ஒரே ஆழத்தில் தண்ணீரில் இறங்க வேண்டும், அதை மட்டும் ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். எல்இடி எரியவே இல்லையென்றால் கால்கள் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், எல்இடி ஒரு பக்கமாகத்தான் மின்சாரத்தை விடும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வரட்டும். கேன் தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர். யாருக்காவது சொந்தக்காரர் உப்பளத்தில் வேலை பார்த்தால் பாத்தித் தண்ணீரும் ஒரு பாட்டில் வரட்டும். எதில் விளக்கு நன்றாக எரியும், எதில் மங்கும் என்று முதலில் வரிசைப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். கடல் தண்ணீர் முதலில் வரும் என்று எல்லோரும் எழுதுவார்கள், அது சரிதான். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, குடிநீரைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஊற்றுத் தண்ணீரில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தோண்டியது, அதனால் அதுவும் உப்பாக இருக்கும் என்று பாதிப் பேர் எழுதுவார்கள், வீட்டில் அதைக் குடிக்கிறவர்கள் மாற்றி எழுதுவார்கள். நல்ல ஊற்றாக இருந்தால் எல்இடி மினுக்கென்று மட்டும்தான் எரியும். காரணம், மணலுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் எடை குறைவு, அடியில் ஊறி நிற்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே அது ஒரு அடுக்காக மிதந்து நிற்கிறது. ஊற்றை ஆழமாகத் தோண்டாமல் மேலாகச் சுரண்டி, சிரட்டையால் மொண்டு எடுப்பதற்குக் காரணம் இதுதான். ஆழம் போனால் உப்பு ஏறிவிடும் என்பது பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். அதை ஒரு எல்இடி காட்டிக் கொடுக்கிறது.

இதோடு நிறுத்த வேண்டாம். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்குங்கள். அதில் பென்சில்களை இறக்கினால் எல்இடி எரியாது. தண்ணீரில் கரண்ட் பாயும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் இங்கே திகைத்துப் போவார்கள். இப்போது ஒரு பிள்ளை ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டுக் கலக்கட்டும். ஒன்றும் நடக்காது. இன்னும் போடட்டும், பாயசம் ஆகும் வரை போட்டாலும் நடக்காது. டம்ளரைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றி, இப்போது உப்பு, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. போட்ட இடத்திலிருந்து உப்பு கரைந்து இறங்க இறங்க எல்இடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, கலக்கும்போது பளிச்சென்று ஏறும். சர்க்கரையும் வெள்ளை, உப்பும் வெள்ளை, இரண்டும் கரைகின்றன, பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று அவர்கள் கேட்ட பிறகு, அதற்கு முன்னால் இல்லாமல், அயனியைப் பற்றி, அதாவது மின்னூட்டம் உள்ள துகளைப் பற்றிப் பேசுங்கள். உப்பு கரையும்போது பிளஸ் மின்னூட்டம் உள்ள சோடியமாகவும் மைனஸ் உள்ள குளோரைடாகவும் பிரிகிறது, சர்க்கரை முழு மூலக்கூறாகவே இருக்கிறது. அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்த பிள்ளைக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கக் கடைகளில் விற்கும் டிடிஎஸ் மீட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதில் எல்இடிக்குப் பதில் எண் வரும்.

கடல் தண்ணீரில் வைக்கும்போது பென்சில் முனைகளில் குமிழி வரும், மைனஸ் பக்கம் அதிகமாக. அது ஹைட்ரஜன். பிளஸ் பக்கம் கொஞ்சம் குளோரின் வரும், பிளீச்சிங் பவுடர் வாசனையை வைத்தே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அதனால் இதைத் திண்ணையிலோ மரத்தடியிலோ செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் சில நொடிகள் போதும், யாரும் குனிந்து முகர வேண்டாம்.

இதே கருவியை வைத்துப் பாதுகாப்பையும் சொல்லித் தரலாம், பயமுறுத்துகிற எந்தப் பேச்சைவிடவும் இது நன்றாக மனதில் பதியும். ஒரே கையின் இரண்டு விரல்களால் பென்சில் முனைகளைத் தொடச் சொல்லுங்கள். 9 வோல்ட்தான், ஒன்றும் செய்யாது, எல்இடியும் எரியாது. இப்போது விரல்களைக் கடல் தண்ணீரில் நனைத்துவிட்டு அதே மாதிரி தொட்டு, எல்இடியைக் கையால் மறைத்து இருட்டாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரியும். காய்ந்த தோலைவிட உப்புத் தண்ணீர் பட்ட தோல் மின்சாரத்துக்கு அவ்வளவு எளிதாக வழி விடுகிறது. கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து மோட்டார் சுவிட்சைத் தொடுவதும், படகுத்துறையில் ஈரக் கையோடு சார்ஜர் செருகுவதும் ஏன் ஆபத்து என்று அந்த இடத்தில் சொல்லுங்கள், வீட்டுக்கு வருவது 230 வோல்ட் என்பதையும் சேர்த்து.

அடுத்தது பேட்டரி. பிள்ளைகள் மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்துவதை எல்லாப் புத்தகமும் சொல்லும், அது வேலை செய்யும், ஆனால் கிடைக்கிற கரண்ட் மிகக் குறைவு, பழத்துக்கும் காசு. நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங் கரிக்குப் பஞ்சமில்லை. கமுதி, சாயல்குடி பக்கம் விறகை மண் மூடி எரிக்கிற மூட்டம் போட்டு மூட்டை மூட்டையாகப் போகிறது. அந்தக் கரி, சமையலுக்கு வருகிற அலுமினியத் தாள், கடல் தண்ணீர், மூன்றையும் வைத்து ஒரு நல்ல பேட்டரி செய்யலாம். உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் தாளை விரியுங்கள். அதன் மேல் கடல் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணி. துணியின் மேல் நன்றாகப் பொடித்த கரி ஒரு விரல் தடிமனுக்கு, அதையும் கடல் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். கரி எந்த இடத்திலும் அலுமினியத்தைத் தொடக் கூடாது, துணி நடுவில் தடுத்து நிற்க வேண்டும். கரியின் மேல் ஒரு எவர்சில்வர் கரண்டியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மல்டிமீட்டரின் (வோல்ட், மின்தடை எல்லாம் அளக்கிற கருவி) ஒரு முனை கரண்டியில், இன்னொன்று அலுமினியத்தில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும், நன்றாக அமைந்தால் முக்கால் வோல்ட்டையும் தாண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். எல்லாக் கரியும் ஒரே மாதிரி கடத்தாது. மூட்டத்தில் குறைந்த சூட்டில் வெந்த கரி கிட்டத்தட்ட மரம் மாதிரிதான், மின்சாரத்தை விடாது. நன்றாகக் கனன்று சிவந்த கரிதான் விடும், சூடு ஏற ஏற உள்ளே கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட்டின் பக்கம் நெருங்குவதால். அதனால் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டு, பெட்டியில் கனன்று அணைந்த கரியை வாங்கி வாருங்கள். மூட்டையிலிருந்து எடுத்த கரித் துண்டு ஒன்று, இஸ்திரிப் பெட்டிக் கரித் துண்டு ஒன்று, இரண்டையும் மல்டிமீட்டரில் ஓம் வைத்து (அதாவது மின்தடையை) அளந்து பாருங்கள். ஒரே மரம், ஒரே கறுப்பு, எண் மட்டும் எங்கேயோ நிற்கும். பேட்டரியை விட்டுவிட்டு இதிலேயே ஒரு வகுப்பு ஓடிவிடும், ஓடட்டும்.

ஒரு சிவப்பு எல்இடி எரிய ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். அதனால் மூன்று குழுக்கள் மூன்று பேட்டரி செய்து, ஒன்றின் கரியை அடுத்ததன் அலுமினியத்தோடு சேர்த்துத் தொடராக இணைக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் குறைந்தால் நான்கு. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று கரும்பலகையில் படம் போடுவதைவிட, விளக்கு எரிய வேண்டுமே என்று பக்கத்துக் குழுவிடம் போய் வோல்ட் கடன் கேட்கும்போது அது தானாகவே புரிகிறது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அலுமினியம் கரைகிறது, காற்றில் இருக்கிற ஆக்சிஜன் கரியின் துளைகளில் வந்து சேர்ந்து எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது என்று சொல்லுங்கள். ராத்திரி முழுக்க இணைத்து வைத்துவிட்டுக் காலையில் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் சிறு சிறு ஓட்டைகள் தெரியலாம். கொடுத்த மின்சாரத்துக்கு அலுமினியம் தேய்ந்திருக்கிறது.

உப்புத் தண்ணீர்தான் பேட்டரியின் பூர்வீகமும்கூட. இத்தாலியில் அலெசாண்ட்ரோ வோல்டா 1800-இல் செய்த முதல் பேட்டரி, துத்தநாக வில்லை, வெள்ளி வில்லை, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கிய ஒரு தூண். அதை அவர் மின்சார மீனின் உறுப்போடு ஒப்பிட்டு, செயற்கை மின் உறுப்பு என்றே எழுதினார். அந்த மீன் வேறெதுவும் இல்லை, கையை விறைக்க வைக்கிற ஒரு திருக்கை வகை. அந்தக் குடும்பத்துத் திருக்கைகள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அதன் உடம்பிலும் தட்டுத் தட்டாக அடுக்கிய செல்கள்தான், ஒவ்வொன்றும் துளி வோல்ட், எல்லாம் தொடராகச் சேர்ந்து அடிக்கிறது. வலையில் ஏறிய திருக்கையால் ஷாக் வாங்கின அனுபவம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். உயிருள்ள மீனை வைத்துச் சோதனை எதுவும் வேண்டாம்.

இதன் பக்கத்திலேயே துருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செலவே இல்லாத சோதனை. மூன்று கண்ணாடிப் பாட்டிலில் கடல் தண்ணீர். முதல் பாட்டிலில் வெறும் இரும்பு ஆணி. இரண்டாவதில் செம்புக் கம்பி சுற்றிய ஆணி. மூன்றாவதில் கூரைக்குப் போடும் துத்தநாகம் பூசிய தகரத்தில் ஒரு கீற்றை வெட்டி இறுக்கிச் சுற்றிய ஆணி (தகரத்தை நீங்களே வெட்டிக் கொடுங்கள், விளிம்பு கையைக் கிழிக்கும்). ஒரு வாரம் ஆடாமல் வையுங்கள். செம்பு சுற்றியது வேகமாகத் துருப்பிடிக்கும், தகரம் சுற்றியது தாக்குப்பிடிக்கும், ஆணிக்குப் பதில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்வதால். இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இதற்காகத்தான். ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளர் 1824-இல் இங்கிலாந்துக் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இதே வேலையைச் செய்தார், செம்பு அரிக்காமல் நின்றது, ஆனால் கரைகிற செம்பின் நஞ்சு இல்லாமல் போனதால் அடியில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு கப்பல் வேகம் குறைந்தது. பாம்பனில் 1914 பாலத்துக்குப் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஏன் எவர்சில்வர் கம்பியும் விசேஷப் பெயின்டும் தேவைப்பட்டன என்று கேட்டால், அந்த மூன்று பாட்டிலைப் பார்த்த பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள்.

இனி காந்தம். காந்தத்தை விலைக்கு வாங்க வேண்டாம். மைக் செட் வைத்திருப்பவரிடம் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம் கிடக்கும், அதன் பின்னால் நல்ல வளையக் காந்தம் இருக்கும். அதை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கடற்கரை மணலில் இழுத்துப் போகச் சொல்லுங்கள். பையின் வெளியே கறுப்புப் பொடி முள் முள்ளாக ஒட்டிக்கொண்டு வரும். பாறைகள் தேய்ந்து வந்த மேக்னடைட்டு, அதாவது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். பையைத் திருப்பிவிட்டுக் காந்தத்தை வெளியே எடுத்தால் பொடி தனியாக உதிரும், பை இல்லாமல் நேராக ஒட்டவிட்டால் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆகும். எல்லா இடத்திலும் ஒரே அளவு கிடைக்காது. நம் கரையில் பல இடங்களில் மணல் வெள்ளையாக, சிப்பித் தூளாக இருக்கும், அங்கே கொஞ்சம்தான் வரும். கறுப்புக் கோடு தெரிகிற இடத்தில் தேடுங்கள். அலை புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு மேடான பக்கத்தில் அந்தக் கோடுகள் தெரியும், கனமான மணல் அங்கே தங்கிவிடுவதால். சேர்த்த பொடியைக் காகிதத்தில் தூவி, அடியில் காந்தத்தை வைத்து, காகிதத்தை மெல்லத் தட்டினால் காந்தப்புலக் கோடுகள் வந்து நிற்கும். கடையில் விற்கிற சோதனைக் கிட்டில் வருகிற இரும்புத் தூளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரே முனையால் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை தேய்த்து, தெர்மாகோல் துண்டில் குத்தி, பிளாஸ்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் திசைகாட்டி தயார். காற்று தள்ளிவிடும், அதனால் கிண்ணத்தை ஒரு பெட்டிக்குள் வையுங்கள். பக்கத்தில் கத்தியையோ அரிவாளையோ கொண்டுபோனால் ஊசி எப்படித் தடுமாறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். படகில் காம்பஸை இன்ஜின் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது அப்போது புரியும். ஒரு நாள் இருட்டிய பிறகு வடகடல் (பாக் நீரிணை) பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் துருவ நட்சத்திரத்தையும் ஊசியையும் ஒத்துப் பாருங்கள். நம் அட்சரேகை 9 டிகிரியை ஒட்டி இருப்பதால் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான், கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். மப்பு இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் போங்கள். ஊசி காட்டுகிற வடக்கும் நட்சத்திர வடக்கும் இங்கே ஓரிரு டிகிரிதான் விலகும், கிண்ணத்தில் அது தெரியாது.

நம் கரைக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். காந்தமாக்காத ஒரு ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, அது படுக்கை மட்டமாக நிற்கும் இடம் கிடைத்ததும் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு நூலை அங்கேயே பிடித்துவிடுங்கள். காய்ந்த பிறகு ஊசியைக் காந்தமாக்கி மறுபடி தொங்கவிடுங்கள். வடக்கு தெற்காகத் திரும்பும், ஆனால் கிட்டத்தட்ட மட்டமாகவே நிற்கும். இதையே டெல்லியில் செய்தால் வடக்கு முனை 40 டிகிரிக்கு மேல் கீழே சாயும், லண்டனில் 65 டிகிரியையும் தாண்டிக் குத்திட்டு நிற்கும். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிற காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது, அதற்குப் பக்கத்தில் நாம் இருக்கிறோம். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் விட இடமாகத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது அந்த வேலையில் இருந்த இளம் பொறியாளர்களில் ஒருவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ராக்கெட் விட்டு என்ன தேடினார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பகலில் இந்தக் கோட்டுக்கு மேலே, நம் தலைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், காற்று மண்டலத்தின் மேல் அடுக்கில் பெரிய மின்னோட்டம் ஒன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதைத் தெரிந்துகொள்வதும் அந்த ராக்கெட்டுகளின் வேலை.

மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அங்கே தானாக வந்துவிடும், வந்ததும் ஓர்ஸ்டெட் செய்ததைச் செய்யுங்கள். 1820-இல் டென்மார்க்கில் அவர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். மிதக்கிற ஊசிக்கு மேலே, ஊசி நிற்கிற அதே வடக்கு தெற்குத் திசையில் ஒரு வயரைப் பிடித்து, ஒரு பேட்டரிக் கட்டையை ஒரு நொடி தொட வையுங்கள். ஊசி வெட்டித் திரும்பும். பேட்டரியைத் திருப்பினால் எதிர்ப்பக்கம். வயரை ஊசிக்குக் கீழே கொண்டுபோனால் மறுபடியும் மாறும். வயரைக் குறுக்கே, கிழக்கு மேற்காகப் பிடித்தால் அநேகமாக அசையாது, பலருக்கும் சோதனை வராமல் போவது இதனால்தான். ஒரு நொடிக்கு மேல் தொட வேண்டாம், வயர் சுடும், கட்டையும் வீணாகும்.

மின்காந்தத்துக்கு, மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வைண்டிங் கடையில் மிச்சமான எனாமல் வயர் (மின்சாரம் கசியாத பூச்சு உள்ள செம்புக் கம்பி) கேட்டால் கொடுப்பார்கள். எரிந்த காயிலிலிருந்து உருவியது வேண்டாம், எனாமல் கருகியிருக்கும். ஆணியில் 25 சுற்று, 50, 75 என்று சுற்றி எத்தனை குண்டூசி பிடிக்கிறது என்று எண்ணட்டும். இரண்டு மடங்கு சுற்றினால் இரண்டு மடங்கு ஊசி வரும் என்று எழுதியிருப்பார்கள், வராது. வயர் நீள நீள மின்தடை கூடுகிறது, கட்டையும் களைக்கிறது. அதை மறைக்காமல் வரைபடத்தில் அப்படியே குறிக்கச் சொல்லுங்கள்.

மோட்டாரில் ஒரே இடத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். பேட்டரிக் கட்டையின் இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டால் இரண்டு ஊக்கு நிறுத்தி, நடுவில் காந்தம் வைத்து, ஊக்கின் கண்களில் எனாமல் வயர்ச் சுருளைத் தொங்கவிடுவது எல்லோருக்கும் தெரியும். சுருளின் ஒரு காலை முழுக்கச் சுரண்ட வேண்டும், இன்னொரு காலை மேல் பாதி மட்டும் சுரண்ட வேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் அரைச் சுற்றில் தள்ளிய விசையே அடுத்த அரைச் சுற்றில் எதிராகத் தள்ளும், சுருள் ஊஞ்சலாடிவிட்டு நின்றுவிடும். பாதியை விட்டுவைத்தால் அந்த அரைச் சுற்றில் கரண்ட் நின்று, வந்த வேகத்திலேயே சுற்றித் தாண்டிவிடும். முதலில் இரண்டையும் முழுக்கச் சுரண்ட விடுங்கள், ஊஞ்சலாடுவதைப் பார்த்துக் காரணம் பேசட்டும், அப்புறம் அடுத்த சுருள்.

மோட்டாரைத் திருப்பிப் போட்டால் ஜெனரேட்டர். 1831-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ஃபாரடே கண்டது இதைத்தான்: காந்தமோ சுருளோ நகர்ந்தால் மின்சாரம் பிறக்கிறது. சின்ன பொம்மை மோட்டாரில் காகிதக் காற்றாடி மாட்டினால் நம் ஊர்க் காற்றுக்குப் பிரமாதமாகச் சுற்றும், ஆனால் எல்இடி எரியுமளவு வோல்ட் வராது, மல்டிமீட்டரில்தான் தெரியும். எல்இடி எரிய வேண்டுமானால் ரோபோ கிட்டுகளில் வருகிற மஞ்சள் நிறக் கியர் மோட்டாரை வாங்கிக் கையால் சுற்றச் சொல்லுங்கள், உடனே எரியும். எல்இடி இணைத்துச் சுற்றுவதற்கும், இரண்டு வயரையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டுச் சுற்றுவதற்கும் கையில் தெரிகிற வித்தியாசத்தைக் கேளுங்கள். சேர்த்துவிட்டால் இறுகும். மின்சாரத்துக்குக் கை உழைக்கிறது என்பதைச் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கண்டிப்பாக வேண்டாதவை சில. வீட்டு கரண்டில் எந்தச் சோதனையும் வேண்டாம். படகு பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி வேண்டவே வேண்டாம், 12 வோல்ட்தான் என்றாலும் ஷார்ட் ஆனால் வயர் உருகும், அமிலமும் இருக்கிறது. பழைய கட்டைகளை உடைக்கக் கூடாது. பட்டன் செல், மிட்டாய் அளவு இருக்கிற பளபளக் காந்தம் இரண்டும் சின்னப் பிள்ளைகள் வந்து போகிற வகுப்பில் வேண்டாம், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த வகைக் காந்தம் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலின் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும்.

மல்டிமீட்டர் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்க வேண்டியதில் அதுதான் பெரிய செலவு. உப்புக் காற்றில் பொருட்கள் கெட்டுப் போகாமல் இருக்க, வகுப்பு முடிந்ததும் கட்டைகளைக் கழற்றி, ஊசி, ஆணி, ஊக்கை எல்லாம் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். வயர் முனைகள் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இணையுங்கள், வரவில்லை என்று நினைக்கிற சோதனைகளில் பாதி அதிலேயே வந்துவிடும். திசைகாட்டியையும் ஸ்பீக்கர் காந்தத்தையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், முள்ளின் முனைகள் மாறி வடக்கைத் தெற்கென்று காட்டத் தொடங்கிவிடும். மாறிவிட்டால் காந்தத்தின் வடமுனையால் ஊசியை நடுவிலிருந்து தெற்கு காட்ட வேண்டிய நுனி வரை ஒரே திசையில் தேய்த்தால் பழையபடி சரியாகும், காந்தம் கடைசியாக விட்டு விலகுகிற நுனிதான் எதிர்முனையாக மாறும்.